சைக்கிளுக்கு மட்கார்டு பொருத்துவது எப்படி: சென்னை மழைக்கான முழு வழிகாட்டி

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மழை விட்டாலும் சாலை உடனே காய்வதில்லை; பள்ளங்களில் தேங்கியது நாள்கணக்கில் நிற்கும். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு மேலேயிருந்து விழும் மழையைவிட, டயர் கீழேயிருந்து வாரி இறைக்கும் தண்ணீர்தான் பெரிய தொல்லை. மேலே விழுவது நல்ல தண்ணீர். கீழேயிருந்து வருவதில் சேறும் மணலும் வண்டி ஆயிலும் சாக்கடையும் கலந்திருக்கும். எவ்வளவு நல்ல ரெயின்கோட் போட்டாலும் அது முதுகிலும் காலிலும் ஏறும். செயினிலும் பெடல் பேரிங்கிலும் புகுந்து அவற்றைத் தின்னும். இதற்கு ஒரே தீர்வு நன்றாகப் பொருத்திய மட்கார்டு.

நன்றாகப் பொருத்திய என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை மட்கார்டு இல்லாமல்தான் விற்பனைக்கு வருகின்றன. பிறகு கடையில் ஒன்றை வாங்கி அவசரமாக மாட்டுகிறோம். போல்ட் ஓட்டை பொருந்தாத இடத்தில் மட்கார்டைக் கையால் இழுத்துப் பிடித்து, அப்படியே இறுக்கிவிடுகிறோம். அன்றைக்குப் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அந்த இழுவை மட்கார்டுக்குள் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக விடுபடப் பார்க்கும். முதலில் சத்தம், அப்புறம் டயரில் உரசல், கடைசியில் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல்.

ஆகவே இந்த வேலை முழுவதற்கும் ஒரே விதிதான். மட்கார்டு எந்த இடத்திலும் இழுபட்டோ வளைக்கப்பட்டோ நிற்கக் கூடாது. போல்ட் போடும் முன்பே அது தன் இடத்தில் தானாக உட்கார வேண்டும். உட்கார்ந்ததை அங்கேயே பிடித்து வைப்பது மட்டுமே போல்ட்டின் வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

எதை வாங்குவது

கடையில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது, 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலஸ் போன்ற ரோட்ஸ்டர் வண்டிகளில் நாம் பார்த்து வளர்ந்த இரும்புத் தகட்டு மட்கார்டு. கனமானது, உறுதியானது, வளைத்துச் சரிசெய்யலாம். ஆனால் துரு பிடிக்கும். இரண்டாவது, முழு நீள பிளாஸ்டிக் அல்லது அலுமினிய மட்கார்டு. இரண்டு பக்கமும் மெல்லிய கம்பிகள் தாங்கி நிற்கும். மூன்றாவது, சீட் போஸ்ட்டிலும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலும் மாட்டிக்கொள்ளும் கிளிப் வகை.

தினமும் வேலைக்கோ கல்லூரிக்கோ ஓட்டுகிறவருக்கு இரண்டாவது வகைதான் சரி. கிளிப் வகை முதுகை ஓரளவு காக்கும், அவ்வளவுதான். டயருக்கும் அதற்கும் நடுவே ஒரு முழு சாண் இடைவெளி இருப்பதால் பாதித் தண்ணீர் பக்கவாட்டில் தப்பிவிடும். காலையும் செயினையும் அது காப்பதே இல்லை. பிரேமில் வேறு எதையும் மாட்ட வழியில்லாதபோது மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகும் முன் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 40-635 என்பது பழைய 28 அங்குல ரோட்ஸ்டர் டயர். 622 என்று முடிந்தால் 700சி அல்லது 29 அங்குலம். 584 என்றால் இருபத்தேழரை, 559 என்றால் 26 அங்குல எம்.டி.பி. (மலைச் சைக்கிள்). முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். பின்னால் வருவது ரிம்மின் விட்டம். "26 இன்ச்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 26 என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத ரிம்கள் பல உண்டு.

அகலத்துக்கு என் கணக்கு: டயரைவிட மட்கார்டு குறைந்தது 8 முதல் 10 மில்லிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். 35 டயருக்கு 45 மட்கார்டு. 2.1 அங்குல எம்.டி.பி. டயர் ஏறத்தாழ 53 மில்லிமீட்டர். அதற்கு 61-க்குக் குறைந்து வாங்கினால் ஓரங்களில் தண்ணீர் வழிந்து காலில்தான் விழும்.

அடுத்தது டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி. இதில் நம் ஊர் மண்ணையும் பார்க்க வேண்டும். திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் பக்கம் மணல். அங்கே 10 மில்லிமீட்டர் இடைவெளி போதும்; மணல் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். அண்ணா நகர், தி.நகர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம் பக்கமெல்லாம் களிமண். அதிலும் ஏதாவது வேலைக்காகச் சாலையைத் தோண்டி மூடிய இடத்தில் மழை பெய்தால், அந்தக் களிமண் டயரோடு சுற்றி வந்து மட்கார்டின் உட்புறம் அப்பிக்கொள்ளும். இடைவெளி குறைவாக இருந்தால் சக்கரமே நின்றுவிடும். அந்த வழியாகத் தினமும் போகிறவர்கள் 15 மில்லிமீட்டர் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் பயன் குறையும்.

ரத்தன் பஜார் சைக்கிள் கடைகளுக்குப் போனால் பல அளவுகளை ஒரே இடத்தில் கையில் எடுத்துப் பார்க்கலாம். முடிந்தால் சைக்கிளையே ஓட்டிக்கொண்டு போய், வாங்கும் முன் சக்கரத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மட்கார்டின் வளைவு டயரின் வளைவோடு ஒத்துப்போகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். தகடும் அலுமினியமும் கொஞ்சம் ஒத்துப்போகாவிட்டாலும் கையால் அழுத்தி வளைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் அப்படியில்லை, எவ்வளவு அழுத்தினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அதனால் பிளாஸ்டிக் வாங்குகிறவர் வளைவு பொருந்துவதைத்தான் எடுக்க வேண்டும்.

கருவிகளும் சில்லறைச் சாமான்களும்

4 மற்றும் 5 மில்லிமீட்டர் ஆலன் கீ, 8 மற்றும் 10 ஸ்பேனர், ஆக்ஸில் நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் (பெரும்பாலும் 15), ஆக்ஸா பிளேடு, அரம், கட்டிங் பிளேயர், அளவு நாடா, ஒரு மார்க்கர். ஓட்டை போட வேண்டியிருந்தால் டிரில்.

மட்கார்டோடு வரும் போல்ட் நட்டை நம்ப வேண்டாம். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் அவை சீக்கிரமே துருவேறி, கழற்றவே முடியாமல் இறுகிவிடும். பிராட்வே பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் எம்5 அளவில் ஸ்டெயின்லெஸ் போல்ட் 12, 16, 20, 25 மில்லிமீட்டர் நீளங்களில் சில, நைலான் வளையம் வைத்த லாக் நட், அகலமான வாஷர் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டியூப் ஒன்றும் வேண்டும். அதிலிருந்து வெட்டிய ரப்பர் வாஷரை ஒவ்வொரு பிடிப்பிலும் தகட்டுக்கும் பிரேமுக்கும் நடுவே வைத்தால் பாதிச் சத்தம் அங்கேயே அடங்கிவிடும்.

தொடங்கும் முன்

மட்கார்டைத் தொடுவதற்கு முன் சக்கரத்தைச் சரிபாருங்கள். டயரில் முழுக் காற்று இருக்க வேண்டும். காற்றில்லாத டயரை வைத்து அளந்த இடைவெளி பொய். சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் கோட்டம் எடுத்துவிட்டு வாருங்கள். ஆடுகிற சக்கரத்துக்கு மட்கார்டை நேராக வைக்க யாராலும் முடியாது. சக்கரம் ஃபோர்க்குக்கு நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பின் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கும் வகை வண்டியானால், செயின் இறுக்கத்தை இப்போதே முடித்துவிடுங்கள். பிறகு செயினை இறுக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் பின்னால் போகும், மட்கார்டு பிரேமோடு நின்றுவிடும், இடைவெளி மாறும். ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது. செயினை இறுக்கிய பிறகுதான் உரசல் தொடங்கும், மட்கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பின்பக்கம்

பின் மட்கார்டை முதலில் பொருத்துங்கள். மூன்று இடங்களில் அதற்குப் பிடிப்பு உண்டு. கீழே பெடல் பேரிங்குக்குப் பின்னால், பின் சக்கரத்தின் இரு பக்கமும் போகும் குழாய்களை இணைக்கும் பாலம் ஒன்று. மேலே பிரேக் இருக்கும் பாலம் ஒன்று. மூன்றாவது, ஆக்ஸிலுக்குப் பக்கத்தில் கம்பிகள் மாட்டும் இடம். ரோட்ஸ்டரில் கம்பியின் வளையம் நேராக ஆக்ஸிலிலேயே ஏறும். புதிய வண்டிகளில் அதற்கென்று சிறிய மரையிட்ட ஓட்டை இருக்கும்.

சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டை உள்ளே நுழைத்து, போல்ட் எதுவும் போடாமல் சக்கரத்தை மறுபடி மாட்டுங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் (களிமண் பக்கம் ஓட்டுகிறவர் என்றால் 15) கனத்தில் ஏதாவது ஒன்றை மூன்று இடங்களில் வைத்து, மட்கார்டை அதன்மேல் படுக்க வையுங்கள். தெர்மாகோல் துண்டு, மடித்த அட்டை, பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகம் எதுவானாலும் சரி. இப்போது மட்கார்டு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது. அதற்கும் பாலத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

கீழ்ப் பாலத்தில் 12 மில்லிமீட்டர் இடம் தெரிந்தால், மட்கார்டைப் பாலம் வரை இழுத்து இறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. செய்யாதீர்கள். அந்த 12 மில்லிமீட்டரை நிரப்ப ஒரு புஷ் வையுங்கள். அலுமினியக் குழாய்த் துண்டு, நைலான் புஷ், வேறு வழியில்லையென்றால் வாஷர் அடுக்கு. அதற்கேற்ப போல்ட்டும் நீளமாக வேண்டும். மேல் பாலத்திலும் இதே முறைதான். இங்கே செலவழிக்கும் நேரம் மற்ற எல்லாப் படிகளையும்விட மதிப்புள்ளது. இந்த இரண்டு புஷ்களின் அளவு சரியாக இருந்தால் கம்பிகளுக்கு வேலையே குறைவு.

சக்கரம் கீழ்நோக்கி இறங்கும் வகை வண்டியில் கவலையில்லை. பின்னோக்கி இழுத்து எடுக்கும் வகையென்றால், மட்கார்டு பொருத்திய பிறகும் சக்கரத்தை வெளியே எடுக்க முடிகிறதா என்று இப்போதே செய்து பாருங்கள். காற்றை இறக்கினால் வெளியே வந்தால் போதும். நடுரோட்டில் பஞ்சராகும்போது மட்கார்டையும் சேர்த்துக் கழற்றும் நிலை வரக் கூடாது.

ஓட்டை போட வேண்டியிருந்தால்

இரண்டு முறை குறித்துவிட்டு ஒரு முறை துளையுங்கள். ஓட்டை மட்கார்டின் அகலத்துக்கு நடுமையத்தில் இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் தள்ளினாலும் மட்கார்டு முழுவதும் ஒரு பக்கம் சாயும். குறித்த இடத்தில் ஆணியால் ஒரு புள்ளி தட்டி, அடியில் மரக்கட்டை வைத்து, முதலில் 3 மில்லிமீட்டர் பிட், பிறகு ஐந்தரை. ஓட்டையின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள். தகட்டில் விரிசல் அந்தப் பிசிறிலிருந்துதான் தொடங்கும். இரும்பென்றால் வெறுமையான விளிம்பில் ஒரு சொட்டு ரெட் ஆக்சைடு பிரைமர் தடவிக் காயவிடுங்கள்.

போல்ட்டின் தலை எப்போதும் டயர் பக்கம், மரையின் நுனி வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால், காற்றிறங்கிய டயரோ அப்பிய களிமண்ணோ அந்த நுனியில் சிக்கும். தலைக்கடியில் அகலமான வாஷர், அதற்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர்.

கம்பிகள்

கம்பியைக் கடைசி வரை வெட்டாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் விரல் இறுக்கத்தில் மட்டும் மாட்டி, கம்பிகளை மட்கார்டின் கிளிப்புக்குள் விட்டு நகர்த்திப் பாருங்கள்.

கம்பி நகர்வதில் இரண்டே கணக்கு. இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டினால் மட்கார்டு டயரை விட்டு விலகும், குறைத்தால் நெருங்கும். இடது கம்பியை மட்டும் சற்று நீட்டினால் மட்கார்டு வலப்பக்கம் தள்ளப்படும். வலது கம்பியை நீட்டினால் இடப்பக்கம். இதைப் புரிந்துகொண்டால் கையால் வளைத்து நேராக்கும் பழக்கம் தானாகப் போய்விடும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். டயரின் இரண்டு பக்கமும் ஒரே அளவு மட்கார்டு தெரிய வேண்டும்.

கம்பி மாட்டும் ஓட்டையும் பிரேமின் ஓட்டையும் நேருக்கு நேர் வராவிட்டால், கம்பியைத்தான் வளைக்க வேண்டும், மட்கார்டை அல்ல. டிஸ்க் பிரேக் வண்டிகளில் இடப்பக்கம் காலிப்பர் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பகுதி) குறுக்கே நிற்கும். அங்கே 10 முதல் 20 மில்லிமீட்டர் புஷ் ஒன்றை வைத்துக் கம்பியை வெளியே தள்ளலாம். அல்லது கம்பியைக் காலிப்பரைச் சுற்றிப் போகும்படி வைஸில் வைத்து வளைக்கலாம். புஷ் தடிமனாக இருக்கட்டும். வெறும் நீள போல்ட் தனியாகத் துருத்தி நின்றால் அதிர்வில் வளைந்து ஒடியும்.

கேரியரும் மட்கார்டும் ஒரே ஓட்டையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தால், பிரேமை ஒட்டிக் கேரியரின் கால், அதற்கு வெளியே மட்கார்டு கம்பி. பாரம் தாங்குவது பிரேமுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் போல்ட் நீளமாகும். வலப்பக்கம் அதன் நுனி உள்ளே நீட்டிக்கொண்டு ஃப்ரீவீலிலோ (பின் பல்சக்கரம்) செயினிலோ இடிக்கிறதா என்று, செயினைச் சிறிய பல்சக்கரத்தில் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் செயின் சிக்கும். ரோட்ஸ்டரில் கம்பி, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் ஒரே ஆக்ஸிலில் ஏறுவதால், நட்டின் மரை முழுவதும் ஆக்ஸிலில் ஏறியிருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பாதி மரையில் நிற்கும் நட்டோடு வண்டியை எடுக்கவே கூடாது.

எல்லாம் ஒத்துவந்த பிறகு மிச்சக் கம்பியைக் குறித்து, வெட்டி, அரத்தால் உருட்டி, ரப்பர் மூடி போடுங்கள். மூடி தொலைந்தால் பழைய பிரேக் கேபிளின் வெளிஉறைத் துண்டு செருகலாம். கூராக விட்ட கம்பி ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரரின் காலைக் கிழிக்கும்.

முன்பக்கம்: இங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும்

முன் மட்கார்டில் ஆபத்து இருக்கிறது. ஓடும் சக்கரத்தில் ஒரு குச்சியோ, கேபிள் துண்டோ, பிளாஸ்டிக் பையோ ஏறி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே புகுந்தால், டயர் அதை மேல்நோக்கி இழுக்கும். மட்கார்டு அதோடு மடிந்து ஃபோர்க்குக்கு அடியில் சுருண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைத் தாண்டி முன்னால் விழுவார். இதற்காகவே நல்ல முழு நீள மட்கார்டுகளில் முன் கம்பியின் அடியில் பிளாஸ்டிக் பாதுகாப்புக் கிளிப் தருகிறார்கள். அளவுக்கு மேல் இழுத்தால் கம்பி அதிலிருந்து கழன்று மட்கார்டை விடுவித்துவிடும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேளுங்கள். கழன்றுகொண்டே இருக்கிறது என்று அதைக் கம்பியால் கட்டி வைப்பதையும், பசை போட்டு ஒட்டுவதையும் பார்த்திருக்கிறேன். உயிரைக் காக்கும் பொருளைச் செயலிழக்க வைப்பது அது. கழன்றுகொண்டே இருந்தால், மட்கார்டு எங்கோ இழுபட்டு நிற்கிறது என்று அர்த்தம். அந்த இழுவையை எடுங்கள்.

பிடிப்பு ஃபோர்க்கின் தலைப்பகுதியில். ரிம் பிரேக் வண்டியில் பிரேக்கைப் பிடித்திருக்கும் அதே போல்ட்டில் மட்கார்டின் தகடும் ஏறும். அங்கே பிரேக் போல்ட்டின் மரை போதுமான அளவு நட்டுக்குள் போகிறதா என்று உறுதி செய்துகொண்டு, கடைசியில் பிரேக் கட்டைகள் ரிம்முக்கு நடுவில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். தகட்டைச் சேர்க்கும்போது பிரேக் ஒரு பக்கம் சாய்வது சகஜம்.

அடுத்த படிகள் பின்பக்கத்தைப் போலவே: தெர்மாகோல் வை, இடைவெளி அள, புஷ் போடு, கம்பியை விரல் இறுக்கத்தில் மாட்டு. வேறுபாடு நீளத்தில்தான். சக்கரத்திலிருந்து தண்ணீர் தொடுகோட்டுத் திசையில் பறக்கிறது. முன் சக்கரத்தின் பின்பாதியிலிருந்து கிளம்புவது உங்கள் பாதத்திலும் பெடல் பேரிங்கிலும் போய் அடிக்கும். மேற்பகுதியிலிருந்து முன்னால் பறப்பதை எதிர்க்காற்று திருப்பிக் கொண்டுவந்து முகத்திலும் மார்பிலும் போடும். அதனால் முன் மட்கார்டு ஃபோர்க்கைத் தாண்டி ஒரு சாணாவது முன்னால் நீள வேண்டும்; பின்னால் எவ்வளவு தாழ்ந்து வருகிறதோ அவ்வளவு நல்லது.

பொருத்தி முடித்ததும் வழக்கமாகப் போடும் செருப்போடு உட்கார்ந்து, பெடலை முன்னால் கிடையாக வைத்து, ஹேண்டிலை முழுவதும் இரண்டு பக்கமும் திருப்புங்கள். கால்விரல் மட்கார்டில் இடிக்கிறதா? சிறிய பிரேம்களில் இடிக்கும். வேகமாகப் போகும்போது ஹேண்டில் அவ்வளவு திரும்பாது. ஆனால் நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் யூ டர்ன் போடும்போதும் திரும்பும். லேசாக இடித்தால் பாதத்தைப் பெடலில் சற்றுப் பின்னால் வைத்தோ, மட்கார்டை டயருக்குச் சிறிது நெருக்கியோ சமாளிக்கலாம். நன்றாக இடித்தால் பின்நுனியை வெட்டிக் குறைத்து, அந்தக் குறையை ரப்பர் மட்பிளாப்பால் நிரப்புங்கள். வளையும் ரப்பர் காலைத் தடுக்காது.

மட்பிளாப்

சிறிய பொருள், பலன் மிகப் பெரிது. பாதம் நனையாமல் இருப்பதும் செயின் நீண்ட நாள் உழைப்பதும் பெரும்பாலும் இதனால்தான். முன் மட்கார்டின் கீழ்நுனியிலிருந்து தரைக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் உயரம் வரை தொங்க விடுங்கள். நம் தெருக்களின் வேகத்தடைகளும், வீட்டு வாசல் படிகளும் அதைவிடக் கீழே விட்டால் தட்டும். பழைய லாரி டியூப் துண்டு அருமையான பொருள்: வளையும், கிழியாது, காற்றில் படபடக்காத அளவுக்குக் கனம் உண்டு. கீழே அகலமாக, மேலே மட்கார்டின் அளவுக்குக் குறுகலாக வெட்டி, இரண்டு சிறிய போல்ட்டால் பிடியுங்கள். ஒரே போல்ட் என்றால் சுழன்றுவிடும். ஃபிளெக்ஸ் பேனர் துணி வேண்டாம். காற்றில் பின்னால் பறந்து பயனில்லாமல் போகும்.

பின்பக்க மட்பிளாப் உங்களுக்காக அல்ல, பின்னால் வருபவருக்காக. அதையும் போடுங்கள்.

இறுக்குவதும் சோதிப்பதும்

பாலத்து போல்ட்டுகளை முதலில், கம்பிகளைக் கடைசியில். இறுக்கும்போதே மட்கார்டு நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நகர்ந்தால் அங்கே புஷ் அளவு தவறு, நிறுத்திச் சரிசெய்யுங்கள். எம்5 போல்ட் சிறியது, முழு பலத்தோடு இறுக்கினால் மரை போய்விடும். பிளாஸ்டிக்கில் வாஷர் அழுந்தும் அளவுக்கு மேல் போக வேண்டாம்.

இப்போது ஒரு நல்ல சோதனை. ஒரு கம்பியின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். மட்கார்டு அசையாமல் அதே இடத்தில் நின்றால் வேலை சரி. சடாரென்று ஒரு பக்கம் விலகினால், இத்தனை நேரம் அந்தக் கம்பி அதை இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பிடிப்பிலும் இதைச் செய்து பாருங்கள்.

பிறகு சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் போடுங்கள். டப் என்ற டயர் சத்தம் மட்டும் கேட்க வேண்டும். கிணுகிணுப்புக் கேட்டால் எங்கோ தளர்வு இருக்கிறது.

சத்தமும் உரசலும்

சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் உரசினால் அது மட்கார்டின் குற்றமல்ல. ரிம் கோட்டம், அல்லது டயர் ரிம்மில் சரியாக உட்காராமல் ஒரு இடத்தில் புடைத்திருக்கிறது. தொடர்ந்து உரசினால் மட்கார்டு ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. கம்பி நீளத்தைப் பாருங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் உரசினால் ஆக்ஸில் நட்டு தளர்ந்து சக்கரம் சாய்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இடைவெளியைக் கூட்டுங்கள். கரடான சாலையில் மட்டும் அதிர்ந்தால் தளர்ந்த போல்ட் அல்லது தேய்ந்த ரிவிட். கையால் ஒவ்வொரு பிடிப்பையும் அழுத்திக்கொண்டு தட்டினால், எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் இடம். மழையில் மட்டும் சரசரவென்று கேட்டால் உள்ளே மணல் ஏறியிருக்கிறது, கழுவினால் போய்விடும்.

பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மறுபடி மாட்டிய பிறகு உரசத் தொடங்கினால் மட்கார்டைத் தொடாதீர்கள். சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருக்கும். ஆக்ஸிலைத் தளர்த்தி நேராக வைத்தாலே போதும்.

மாட்ட ஓட்டையே இல்லாத பிரேம்

ரப்பர் உறையிட்ட பி வடிவ கிளிப்புகளை ஃபோர்க் குழாயிலும் பின் குழாயிலும் மாட்டி, அதில் கம்பியைப் பிடிக்கலாம். குழாயின் விட்டத்தை அளந்து வாங்குங்கள். தளர்வான கிளிப் கீழே வழுக்கிவிடும். கார்பன் ஃபோர்க்கில் இதைச் செய்யாதீர்கள், அழுத்தம் ஒரே இடத்தில் விழும். சஸ்பென்ஷன் ஃபோர்க் வண்டியில் சக்கரம் மேலும் கீழும் போவதால், ஃபோர்க் தலையில் மாட்டும் முழு நீள மட்கார்டு ஒத்துவராது. ஃபோர்க் குழாயின் அடித்துளையில் விரிந்து பிடிக்கும் வகையும், கீழ்க் குழாயில் கட்டும் அகலமான பிளாஸ்டிக் தகடும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் போட்டால் முகமும் பாதமும் ஓரளவு தப்பும்.

உப்புக்காற்றில் பராமரிப்பு

பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம், ராயபுரம், ஈ.சி.ஆர். பக்கம் வண்டி நிற்கிறது என்றால் துரு உள்ளேயிருந்து வரும். இரும்பு மட்கார்டின் ஓரம் உட்பக்கமாக மடித்திருக்கும். அந்த மடிப்பில் உப்புத் தண்ணீரும் சேறும் தங்கி, வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே தகட்டை அரித்துவிடும். செப்டம்பரில் சக்கரங்களைக் கழற்றி, உட்புறத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, துரு இருக்கும் இடத்தை உப்புத்தாளால் சுரண்டி ரெட் ஆக்சைடு அடியுங்கள். அது காய்ந்ததும் மடிப்பு நெடுகக் கிரீஸ் தடவுங்கள். பின் மட்கார்டின் வால் பகுதியில் வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருந்தால், பெயிண்ட் அடிக்கும்போது அவற்றை மூடிவிடாதீர்கள். விளக்கு எரியாத தெருவில் பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள் தெரிவது அவற்றால்தான்.

போல்ட் மரைகளில் கொஞ்சம் கிரீஸ் வைத்துப் போட்டால் அடுத்த வருடமும் கழற்ற முடியும். புதிதாகப் பொருத்தியவர்கள் முதல் நனைந்த சவாரிக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ரப்பர் வாஷர்கள் அழுந்திக் கால் சுற்றாவது இறுக்க இடம் தரும். அதன்பின் மழைக்காலம் முழுவதும் மாதம் ஒரு முறை போதும்.

துரைசாமி சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரியான இடங்களில் தண்ணீர் ஏறி நின்றால் இறங்கி வேறு வழியாகப் போங்கள். ஆக்ஸில் மூழ்கும் தண்ணீரில் மட்கார்டு எதையும் காப்பதில்லை, அடியில் திறந்த பள்ளம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தவிர்க்க முடியாமல் அப்படி ஓட்ட நேர்ந்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் மட்கார்டின் உட்புறத்தையும் கம்பி மூட்டுகளையும் கழுவிவிட்டு, செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு நிறுத்துங்கள்.